வேலை பார்த்துக்கொண்டே பி.எட். படிக்க நேர்மையான ஒரு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றி உங்கள் நாளிதழில் செய்தியும் கட்டுரையும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. ஓய்வுபெற 5 ஆண்டுக்கு மேல் பாக்கி இருக்கிற ஆசிரியர்கள் 2 ஆண்டுக்குள் 'டெட்' தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, பல வருடம் பாடம் எடுத்தவர்கள்கூட மறுபடி கைடு வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் படிக்கிறார்கள். அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். அவர்களுக்காகப் பேச சங்கங்கள் இருக்கின்றன, அரசும் பேசுகிறது. நான் எழுதுவது, அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே தகுதி இல்லாமல், ஆனால் தினமும் ஏழு பீரியட் வகுப்பெடுத்துக்கொண்டிருக்கிற தனியார் பள்ளி ஆசிரியைகளைப் பற்றி. அவர்களுக்காக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். நான் பி.எட். முடித்தது அது ஒரு வருடப் படிப்பாக இருந்த காலத்தில். இப்போது 6 முதல் 8 வரை கணக்குப் பாடத்துக்கு நான்தான் பொறுப்பு. ஜூன் பிறந்தால் புதிதாக நாலைந்து பேர் வந்து சேருவார்கள். எம்.எஸ்சி. முடித்திருப்பார்கள், எம்.ஏ. முடித்திருப்பார்கள், பி.காம். முடித்துவிட்டு மூன்றாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் எடுக்க வந்தவர்களும் உண்டு. பாதிப் பேருக்குப் பி.எட். இருக்காது. சம்பளம் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம். பயிற்சி இல்லாதவர் என்றால் குறைத்துக் கொடுக்கலாம் என்பது பள்ளிகளுக்கு வசதி, சொந்த ஊரிலேயே ஒரு வேலை என்பது இவர்களுக்கு வசதி. இது எங்கள் பள்ளியில் மட்டும் நடப்பதில்லை, தாலுகாவில் எந்தப் பள்ளிக்குப் போய்க் கேட்டாலும் இதுதான்.

இவர்களை ஏதோ அரைகுறை என்று நினைத்துவிடக் கூடாது. போன வருடம் சேர்ந்த ஒரு பெண், எம்.எஸ்சி. கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்தவர். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டி, ஏழில் இரண்டு என்று எழுதியிருந்தான். அவர் அதைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டு, பக்கத்திலேயே எல்.சி.எம். எடுத்துச் சரியான விடையைத் தானே போட்டுக் கொடுத்திருந்தார். அந்த நோட்டைப் பார்த்த நான், "அவன் எப்படி இந்த விடைக்கு வந்தான்னு ஒரு தடவை கேட்டுப் பாரும்மா" என்றேன். மறுநாள் நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டார். "மேல இருக்கறத மேல கூட்டினேன் மிஸ், கீழ இருக்கறத கீழ கூட்டினேன்" என்றான் பையன். சரி, அதே மாதிரி அரையையும் அரையையும் கூட்டு என்றார். அவன் நான்கில் இரண்டு என்று எழுதினான். ஒரு காகிதத்தைக் கொடுத்து, நான்காக மடித்து அதில் இரண்டைக் காட்டச் சொன்னார். பாதிக் காகிதத்தைக் காட்டினான். "அரை தோசையும் அரை தோசையும் சேர்ந்தா மறுபடி அரை தோசைதானா?" என்று கேட்டதும் பக்கத்துப் பையன் முந்திக்கொண்டு சிரித்தான். அப்புறம் இவனும் சிரித்தான். அதற்குப் பிறகுதான் எல்.சி.எம். எதற்கு என்பதே அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் அந்தப் பெண் என்னிடம், "பிள்ளைங்க இப்படித் தப்பா யோசிக்கறதையெல்லாம் எங்க மிஸ் படிக்கறது, பி.எட்.ல சொல்லித் தருவாங்களா?" என்று கேட்டார். நல்ல கல்லூரியாக இருந்தால் சொல்லித் தருவார்கள் என்றேன். "அப்ப நான் எப்படி மிஸ் படிக்கறது?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விசாரித்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன், விசாரிக்க விசாரிக்க மனசு கொதித்துப் போனது.

ரெகுலர் பி.எட். இப்போது 2 ஆண்டு. ஆண்டுக்கு 200 வேலை நாள் கல்லூரி நடக்க வேண்டும், 80 சதவீத வருகை வேண்டும், பள்ளியில் போய்ப் பயிற்சி எடுக்கும் காலத்துக்கு 90 சதவீதம். அந்தப் பயிற்சி மொத்தம் 20 வாரம், இரண்டாம் ஆண்டில் மட்டும் 16 வாரம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் கொண்டுவந்த விதிமுறை இது. நல்ல விதிமுறைதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு வருடத்தில் அவசர அவசரமாக முடித்தவள் நான், இன்னும் கொஞ்சம் நாள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் இதில் சேர வேண்டுமானால் வேலையை விட வேண்டும். கணவர் மில் வேலைக்குப் போய், இவர் சம்பளத்தில் வாடகையும் பிள்ளையின் ஃபீஸும் கட்டுகிற வீட்டில், இரண்டு வருடம் வருமானத்தை விட்டுவிட்டு ஃபீஸும் கட்டிப் படி என்று யார் சொல்வது?

சரி, தொலைநிலைக் கல்வி இருக்கிறதே என்பார்கள். எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தொலைநிலையில் பி.எட். நடத்துவது உண்மை. ஆனால் அதில் சேர, தொடக்கக் கல்வியில் ஏற்கெனவே பயிற்சி முடித்துப் பணியில் இருப்பவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறொரு ஆசிரியர் பயிற்சியை நேரில் போய்ப் படித்து முடித்தவராக இருக்க வேண்டும். பயிற்சி பெற்றவர்தான் அந்தப் பயிற்சியில் சேர முடியும். எம்.எஸ்சி. முடித்து வகுப்பில் நின்றுகொண்டிருக்கிற பெண்ணுக்கு அங்கேயும் இடமில்லை. முன்பு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் 2 ஆண்டு பாடம் நடத்திய பட்டதாரிகள் அஞ்சல் வழியில் பி.எட். சேர முடிந்தது. அதில் பொய்யான அனுபவச் சான்றிதழ் வாங்கிச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள், அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பொய்ச் சான்றிதழைத் தடுக்க வேண்டியதுதான். அதற்காக உண்மையாகவே பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அப்புறம் என்ன நடக்கிறது? கல்லூரிக்குப் போகாமலே பி.எட். இதைச் சொல்லாமல் இந்தக் கடிதம் எழுதுவதில் அர்த்தமில்லை. எங்கள் பக்கத்தில் இதற்கு 'நான்-அட்டெண்டிங்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள், புரோக்கர்கள் பள்ளிக்கே போன் செய்து கேட்கிறார்கள். ஃபீஸுக்கு மேலே தனியாக ஒரு தொகை கட்டினால் வருகைப் பதிவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ரெக்கார்ட் நோட்டு எழுதித் தர ஆள் இருக்கிறார்கள், சார்ட்டும் மாடலும் கடையிலேயே கிடைக்கும். தேர்வுக்கும் செய்முறைத் தேர்வுக்கும் மட்டும் நாலு நாள் லீவு போட்டுவிட்டுப் போய் வந்தால் போதும். எல்லாக் கல்லூரியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக நடத்துகிற கல்லூரிகளில் படித்துவிட்டு வருகிற பெண்களை முதல் வாரத்திலேயே தனியாகத் தெரியும், கரும்பலகையில் எழுதுகிற விதத்திலேயே தெரியும். ஆனால் விலைக்குப் பட்டம் கொடுக்கிற நிறுவனங்கள் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்று உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ்.வர்மா ஆணையம் 2012லேயே கண்டது. 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் அதை எடுத்துச் சொல்லியிருக்கிறது. மத்திய அரசின் ஆவணத்திலேயே எழுதிவைத்த விஷயம் இது.

எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். அந்தப் பெண் காலை ஒன்பது மணியிலிருந்து நாலு மணி வரை நிஜமான பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறார், நோட்டு திருத்துகிறார், பெற்றோரிடம் பேசுகிறார், பரீட்சைக்கு வினாத்தாள் எடுக்கிறார். இது எதுவும் பயிற்சிக் கணக்கில் வராது. அதே நேரத்தில் அவர் காலடி வைக்காத ஏதோ ஒரு பள்ளியில் 16 வாரம் பயிற்சி எடுத்ததாக ஒரு காகிதத்தில் கையெழுத்து விழும், அது கணக்கில் வரும். உண்மையான உழைப்பைத் தள்ளிவிட்டு, பொய்யை எழுதித் தரச் சொல்கிற ஏற்பாட்டை நாமே உண்டாக்கி வைத்திருக்கிறோம். நியாயமாகப் பட்டம் வாங்க வேண்டும் என்று நினைக்கிற பெண் என்ன செய்வார்? ஒன்று, பட்டமே இல்லாமல் குறைந்த சம்பளத்தில் காலம் தள்ளுவார். இல்லையென்றால் மனசில்லாமல் அந்தப் பணத்தைக் கட்டுவார். கட்டியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கையெழுத்துப் போட்டுத் தருகிறவர்கள் மேல்தான் கோபம், பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவர்கள் மேலும்தான்.

பணியில் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவே முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம், ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தை 2017இல் திருத்தி, பயிற்சி இல்லாத ஆசிரியர்கள் 2019 மார்ச் 31க்குள் தகுதி பெற வேண்டும் என்றார்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 18 மாதத் தொடக்கக் கல்விப் பட்டயம் ஒன்றை நடத்தியது. நாடு முழுக்க 10 லட்சத்துக்கும் மேல் ஆசிரியர்கள் பதிவு செய்தார்கள். பாடம் மத்திய அரசின் 'ஸ்வயம்' இணையதளத்திலும் டி.வி.யிலும். இத்தனை பேரை இவ்வளவு சீக்கிரம் தள்ளிக்கொண்டு போனால் தரம் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய கொடுமை பிறகு வந்தது. அந்த 18 மாதப் பட்டயம் வழக்கமான 2 ஆண்டுப் பட்டயத்துக்குச் சமம் ஆகாது என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல, படித்து முடித்தவர்கள் தெருவில் நின்றார்கள். 2017 ஆகஸ்ட் 10 அன்று பணியில் இருந்து, கெடுவுக்குள் முடித்தவர்களுக்கு அது செல்லும் என்ற விளக்கம் பிற்பாடுதான் கிடைத்தது. கெடு வைத்து மிரட்டி, அவசரப் படிப்பு ஒன்றைத் திணித்து, அப்புறம் அது செல்லுமா செல்லாதா என்று ஆசிரியர்களைக் கோர்ட்டுக்கு அலைய விடுவது பயிற்சி ஆகாது.

இலங்கையைப் பாருங்கள். பயிற்சி இல்லாமல் நியமனம் பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர்களைச் சம்பளத்தோடு ஆசிரியர் கலாசாலைக்கு அனுப்பிப் படிக்க வைக்கிற பழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. கோப்பாய், மட்டக்களப்பு, கொட்டகலை என்று தமிழ் ஆசிரியர்களுக்கான கலாசாலைகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் பட்டதாரி ஒருவர் பள்ளியிலேயே சம்பளத்துக்குச் சேர்ந்து, அங்கேயே பயிற்சி பெற்று, தகுதி பெற்ற ஆசிரியர் ஆகலாம். அவருக்கென்று ஒரு வழிகாட்டி ஆசிரியர் இருப்பார், ஒரே பள்ளியில் முடங்கிவிடாமல் இன்னொரு பள்ளியிலும் போய்ப் பாடம் நடத்திவிட்டு வர வேண்டும். இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள், சி.ஏ. படிக்கிற பிள்ளைகள் ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்துகொண்டேதான் படிக்கிறார்கள், அந்த வேலையே பயிற்சியாகக் கணக்கில் வருகிறது. ஆசிரியருக்கு மட்டும் அது ஏன் முடியாது?

இதற்குப் புதிதாகச் சட்டம் போட வேண்டியதுகூட இல்லை. பணியில் இருப்பவர்களுக்காகப் பகுதி நேர பி.எட்., 3 ஆண்டு, நேரில் வந்து படிப்பது என்று ஒரு படிப்பை அந்த 2014 விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அதை நடத்துகிற ஒரு கல்லூரியைக்கூட நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை. நான் கேட்ட கல்லூரி முதல்வர் ஒருவருக்கு அப்படி ஒரு படிப்பு இருப்பதே புதுச் செய்தியாக இருந்தது. விதி இருக்கிறது, தேவை இருக்கிறது, நடத்தத்தான் ஆளில்லை.

தமிழ்நாட்டில் சைதாப்பேட்டை, புதுக்கோட்டை, ஒரத்தநாடு, குமாரபாளையம் என்று அரசுக் கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன. பெரும்பாலான மாவட்டங்களில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, நாம் 'டயட்' என்கிறோமே, அது. கட்டடம் இருக்கிறது, விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமைகளிலும் மே மாத விடுமுறையிலும் அங்கே வகுப்பு வைக்கலாம். பள்ளிப் பயிற்சியில் பாதியை அவரவர் வேலை பார்க்கிற பள்ளியிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டு, மீதியை ஓர் அரசுப் பள்ளியில் செய்யச் சொல்லலாம். மெட்ரிக் பள்ளி ஆசிரியை அரசுப் பள்ளியில் கொஞ்ச நாள் பாடம் நடத்தினால் அவருக்கே எவ்வளவு நல்லது! டயட் விரிவுரையாளர் மாதம் ஒரு தடவை வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்குள்ளே ஒரு மூத்த ஆசிரியர் பொறுப்பெடுக்க வேண்டும், அதற்காக அவருக்கு வாரத்தில் இரண்டு பீரியட் குறைக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கு நான் புதியவர்களின் வகுப்பில் போய் உட்காருவதெல்லாம் என் ஃப்ரீ பீரியடில்தான், அதுவும் யாராவது லீவு போட்டுவிட்டால் சப்ஸ்டிட்யூஷனுக்குப் போய்விடும்.

பழையபடி பொய் அனுபவச் சான்றிதழ் வராதா என்று கேட்கலாம். அன்றைக்கு ஒரு லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தால் போதும். இப்போது எந்த ஆசிரியர் எந்தப் பள்ளியில், எப்போதிலிருந்து வேலை பார்க்கிறார் என்பதை வருடாவருடம் எமிஸ், யுடைஸ் என்கிற அரசின் பள்ளி விவர இணையப் பதிவுகளில் ஏற்றச் சொல்கிறார்களே, தனியார் பள்ளிகளும் ஏற்றுகின்றனவே. அந்தப் பதிவில் 2 ஆண்டாக இருப்பவருக்குத்தான் இடம் என்று சொல்லிவிடலாம். அந்தப் பதிவைக் கல்வி அலுவலகம் சரிபார்க்காமல் வெறுமனே விட்டுவிட்டால் வேறு கதை.

பி.எட். முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருப்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கும்போது, பயிற்சி இல்லாதவர்களுக்கு எதற்குச் சலுகை என்று கோபப்படுகிறவர்கள் இருப்பார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. என் சொந்தத் தங்கையே பி.எட். முடித்து வீட்டில் இருக்கிறாள், பன்னிரண்டாயிரத்துக்குக் காலையில் ஏழு மணிக்கு பஸ் பிடித்துப் போக அவளால் முடியாது. நான் கேட்பது சலுகை இல்லை. ஃபீஸ் கட்டட்டும், மூன்று வருடம் சனிக்கிழமை போகட்டும், தேர்வு எழுதட்டும், அதற்குப் பிறகு டெட் எழுதட்டும். எதிலும் ஒரு மதிப்பெண்கூடக் குறைக்க வேண்டாம். இப்போதே அவர்களிடம் பாடம் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

பள்ளி நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். பல பள்ளிகளில் சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். நடு வருடத்தில் போய்விடக் கூடாது என்பதற்காக. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கக்கூட அந்தச் சான்றிதழுக்காகத் தாளாளர் அறை வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. படிக்கப் போகிறேன் என்றால், வேலையை விடப்போகிறாள் என்று சந்தேகம் வந்து, அடுத்த வருட வகுப்புப் பட்டியலில் பெயரே இருக்காது. இந்தப் பகுதி நேரப் படிப்பு வந்தால், சேருகிறவர்களின் சான்றிதழைப் பள்ளி வைத்துக்கொள்ளக் கூடாது, படிக்கிற மூன்று வருடமும் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது, மே மாதச் சம்பளத்தை நிறுத்தக் கூடாது என்று எழுத்தில் வாங்க வேண்டும். மே மாதம்தான் முழுநேர வகுப்பு இருக்கும், அந்த மாதம் பஸ் காசுக்குக்கூட வழியில்லாமல் எப்படிப் போவார்கள்? பயிற்சி முடித்து வந்ததும் ஊதியத்தை உயர்த்த வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

2025 பிப்ரவரியில் ஆசிரியர் கல்விக் குழுமம் வெளியிட்ட வரைவு விதிமுறையில், முதுநிலைப் பட்டம் முடித்தவர்களுக்கு ஓராண்டு பி.எட். திரும்ப வரும் என்று இருந்தது. அது வந்தாலும் ஒரு வருடம் வேலையை விட்டுத்தான் படிக்க வேண்டும், புரோக்கர்களுக்கு இரண்டு வருட வியாபாரம் ஒரு வருட வியாபாரமாக மாறும், அவ்வளவுதான். அதனால் பகுதி நேரப் படிப்புக்கு இடம் இருக்க வேண்டும் என்று தமிழக அரசு குழுமத்திடம் எழுதிக் கேட்க வேண்டும். உயர்கல்வித் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, முதலில் ஒரே ஒரு அரசுக் கல்லூரியிலாவது, ஐம்பது இடத்தோடாவது இதை ஆரம்பித்துப் பார்க்கட்டும். குமாரபாளையத்திலோ புதுக்கோட்டையிலோ ஆரம்பித்தால்கூட, எங்கள் பள்ளியிலிருந்து மட்டும் ஏழெட்டுப் பேர் சனிக்கிழமை பஸ் பிடித்துப் போகத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மெட்ரிக் பள்ளி கணக்கு ஆசிரியை ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.